குதிரை இல்லாத சவாரி

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று ஒரே ஒரு வார்த்தையை நம்பிப் பேசி முடிக்கப்பட்டது. அந்த வார்த்தை மெய்தானா என்று பார்த்துவரப் பீர்மேடு வரைக்கும் போனவன் நான். பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவன் மலை ஏறினால் பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கும். அருவி இருக்கும், மேகம் இருக்கும், யானைகூட இருக்கும். என்னை அனுப்பியது ஒரு குதிரையைப் பார்க்க.

என் தங்கை மைமூனுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். வந்த இரண்டு இடங்கள் கை கூடுகிற நேரத்தில் நழுவிவிட்டன. மூன்றாவதும் நழுவினால் ஊர் வாய் பையனை விட்டுவிட்டுப் பெண்ணிடம் வந்துவிடும் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ஏலக்காய் வியாபாரத்துக்காகப் பீர்மேட்டுக்கும் பாலக்காட்டுக்கும் போய்வருகிற மம்மது என்ற தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். பையன் பெயர் கமால். எங்களைப் போல ராவுத்தர் குடும்பம். பூர்வீகம் கம்பம் பக்கம், பிறந்து வளர்ந்து மலையாளம் படித்ததெல்லாம் பீர்மேடு. அங்கே கடைவீதியில் பலசரக்குக் கடை.

"பையனுக்கு ஒரு துஷ்சீலமும் இல்ல. பீடி இல்ல, கள்ளு இல்ல, சீட்டு இல்ல," என்றார் தரகர், மலையாளமும் தமிழும் கலந்து. "வைகுந்நேரம் ஒரு சவாரி உண்டு. அது மாத்திரம் முடக்க மாட்டான்."

வைகுந்நேரம் என்றால் சாயங்காலம். அது எங்களுக்குத் தெரியும். சவாரி என்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, கடை மெத்தையிலிருந்து அரை முழம் எழும்பிவிட்டார். ராவுத்தர் என்றாலே குதிரைக்காரன். எங்கள் முன்னோர் குதிரைமேல் வந்தவர்கள் என்று அத்தா நாள் தவறாமல் சொல்லுவார். அவர் உட்கார்ந்ததிலேயே உயரமானது கடை முக்காலி என்பது வேறு விஷயம். சாயங்காலம் தவறாமல் குதிரை ஏறுகிற மாப்பிள்ளை! அன்று இருட்டுவதற்குள் வாளையாறு வரைக்கும் செய்தி போய்விட்டது.

"டேய், நீ போயி அந்தக் குதிரையப் பாத்துட்டு வா. பல்லப் புடிச்சுப் பாரு," என்றார் அத்தா.

"மாப்பிள்ளையப் பாக்க வேண்டாமுங்களா?"

"மாப்பிள்ளையத் தரகர் பாத்துட்டாரு. நீ குதிரையப் பாரு."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று கடையிலிருந்தே சிவப்பு வெல்வெட்டு எடுத்து, ஜரிகைக் கரை வைத்து, சேணத்தின்மேல் போடுகிற விரிப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். வாலுக்கு ஒரு வார், வயிற்றுக்கு ஒரு வார். குதிரையின் அளவு தெரியாததால் தையல்காரர் எங்கள் வண்டி மாட்டை அளந்து தைத்தார்.

அப்போது பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. பீர்மேடு திருவிதாங்கூர்-கொச்சியில். கம்பத்தில் இறங்கி ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் சாப்பிட்டேன். எங்கள் பக்கத்துப் பாயாவில் தேங்காய் முன்னால் நிற்கும், ஆட்டைத் தேட வேண்டும். கம்பத்துப் பாயாவில் மிளகு முன்னால் நிற்கிறது, தண்ணீரைத் தேட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே மலை பஸ் ஏறினேன்.

குமுளியில் சோதனைச் சாவடி. மதராஸ் பக்கத்திலிருந்து வருகிறவன் அரிசி கொண்டுவருவான் என்று சந்தேகம், திரும்பிப் போகிறவன் சாராயம் கொண்டுபோவான் என்று சந்தேகம். என் மூட்டையை அவிழ்த்த ஜவான் வெல்வெட்டைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு வாரும் தொங்கின. அவர் மலையாளத்தில் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"இது என்ன?"

"குதிரைமேல் போடுவது."

"குதிரை எங்கே?"

"பீர்மேட்டில்."

"குதிரை அங்கே, துணி இங்கே. நடுவில் நீ என்ன செய்கிறாய்?"

எனக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பின்னால் நின்ற பஸ் ஜனம் முழுக்கச் சிரித்தது. கடைசியில் நான் ஏதோ சர்க்கஸ்காரன் என்று அவர்களாகவே முடிவு செய்து விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் பஸ் ஏற மறுத்தது. ஒரு வளைவில் முன்பக்கம் ஆவி கக்கியது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். டிக்கெட் வாங்கிய நாங்கள் நடந்தோம், டிக்கெட் வாங்காத பஸ் எங்களுக்குப் பின்னால் முனகிக்கொண்டு வந்தது. அப்படி நடந்ததில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஏன் நடக்கிறோம் என்று தெரிந்து நடந்தோம். இந்த வசதி அன்றைக்கே கடைசி என்று எனக்கு அப்போது தெரியாது.

பீர்மேடு கடைவீதி சின்னது. குளிர் பெரியது. கமாலின் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முதலில் பார்த்தது அவர் அம்மாவைத்தான். கடைக்குப் பின்னால் வீடு. அடுக்களைப் பக்கமாகவே என்னைக் கூட்டிப்போய்க் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார். பிறகு தேநீர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டும் மட்டும் தேயிலை, டம்ளரில் இருந்ததோ தூள். நல்ல இலையெல்லாம் கப்பல் ஏறிவிடுமாம். எங்கள் கஞ்சிக்கோட்டு டீக்கடையில் இதைவிட நல்ல தேநீர் கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் விழுங்கினேன்.

நான் வந்த காரியத்தில் கண்ணாக இருந்தேன். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன். லாயம் இல்லை. வைக்கோல் இல்லை. மோந்து பார்த்தேன், ஏலக்காய் வாசனை மட்டும் வந்தது. கடைசியில் வாயைவிட்டே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, உருப்படிய எங்கீங்க கட்டறது?"

"உருப்படியா? அங்கிட்டு இருக்கு பாருங்க தம்பி," என்று அந்த அம்மா கை காட்டினார். இரண்டு வெள்ளாடுகள் என்னைப் பார்த்து அசை போட்டன.

வெல்வெட்டைக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு நிரம்பச் சந்தோஷம். முகத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இந்த வாரு எதுக்கு தம்பி?" என்றார். வாலுக்கு என்று சொல்ல நா எழவில்லை. "கட்டிக்கறதுக்குங்க," என்றேன். அது பொய்யில்லை. அடுத்த நிமிஷம் அது தையல் மிஷினுக்கு உறையாகிவிட்டது. அளவுகூடச் சரியாகத்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்தது. கமால் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். ஒல்லியான ஆள், அமைதியான முகம். முகம் கழுவினார், வெள்ளைச் சட்டை மாற்றினார், தலை சீவினார், குடையைக் கையில் எடுத்தார்.

"வாங்கண்ணே, சவாரி போயிட்டு வருவோம்."

எனக்கு உயிர் வந்தது. குதிரை வேறு எங்கேயோ நிற்கிறது! வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்களா தம்பி?" என்றேன்.

"என்னதுண்ணே?"

"ஏறறதுக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், என் மடித்த வேட்டியைப் பார்த்தார், பிறகு பணிவாக என் கால்களைப் பார்த்தார். "ரெண்டு இருக்கே, போதும்ண்ணே. மெதுவாத்தானே போகப் போறோம்," என்றார்.

ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். சவாரி அதுதான்.

மலையாளத்தில் காலாற நடப்பதற்குச் சவாரி என்றும் பெயராம். குதிரை வேண்டாம், வண்டி வேண்டாம், போகிற இடம்கூட வேண்டாம். எல்லைப்புறத்தில் பிறந்த எங்களுக்கு மலையாளம் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்களுடையது கடை மலையாளம். முழத்துக்குச் சொல் உண்டு, விலைக்குச் சொல் உண்டு, நாளைக்கு வா என்பதற்கு நாலு விதமான சொல் உண்டு. சும்மா நடப்பதற்கு மலையாளத்தில் என்ன என்று கேட்க வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை.

ஏன், தமிழில் மட்டும் எங்களிடம் என்ன இருக்கிறது? உலா என்று ஒரு அழகான வார்த்தை இருக்கிறது, அதைச் சாமிக்கும் ராஜாவுக்கும் கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளை நடந்தால் ஊர்வலம், அதற்கும் பேண்டு வாத்தியம் வேண்டும். மற்றவன் நடந்தால் சுத்தறான், திரியறான், அலையறான். இன்னும் கொஞ்சம் கோபம் வந்தால் மேயறான். காற்று வாங்குவது என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் கேட்காமலே வந்து கூரை ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அதைப் போய் யார் வாங்குவார்கள்?

முதல் நாள் நான் கமாலைவிட்டு இரண்டு முறை முன்னால் போய்விட்டேன். எனக்குத் தெரிந்த நடை அதுதான். பாக்கி கேட்கப் போகிற நடை. இரண்டு முறையும் நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

"தம்பி, நாம எங்கீங்க போறோம்?"

"எங்கயும் இல்லண்ணே."

"அப்ப எப்பீங்க போயிச் சேருவோம்?"

இதற்கு அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

எதிரே வந்தவர்கள் எல்லோரும், போஸ்ட்மாஸ்டர் முதல் விறகு சுமக்கிறவர் வரை, எங்கே என்று கேட்டார்கள். கமால் "சவாரி" என்றார். அவ்வளவுதான், திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் எங்கே என்ற கேள்விக்குச் சும்மா என்று பதில் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும். ஐந்தாவது ஆள் நேரே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விசாரிப்பான். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மாகூடக் குடையை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தாள். அவளும் எங்கேயும் போகவில்லை. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் எஸ்டேட் ரோட்டுப் பக்கம் போனோம். தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் அடுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. வளைவில் ஒரு வாட்ச்மேன் கம்பை நீட்டி மறித்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையாம்.

"யாருவே அது? என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்ல. சவாரி," என்றார் கமால்.

"சவாரியா? வண்டி எங்கவே?"

எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மலையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று தோன்றியது.

"வண்டி இல்லீங்க. குதிரையும் இல்லீங்க. நானும் ரெண்டு நாளாத் தேடறேன்," என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். யூனியன்காரர்கள் இருட்டுகிற நேரத்தில் லயத்துப் பக்கம் நடமாடுவதாகத் துரைக்குச் சந்தேகமாம். சோலி இல்லாமல் நடக்கிறவனை விடக்கூடாது என்று உத்தரவு. அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துரை வந்தார். அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு, முன்னால் ஒரு நாய். வாட்ச்மேன் விறைத்து நின்று சலாம் வைத்தார். துரை எங்களைப் பார்க்காமல் போனார். நாய் மட்டும் பார்த்தது.

"அவரு எங்கீங்க போறாரு?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"வாக்கிங்."

"என்ன சோலிங்க?"

"தொரைக்கு என்ன சோலிவே? நாயிக்கு நடக்கணும்லா!"

சோலி இல்லாத நாய்க்கு அந்த ரோட்டில் அனுமதி உண்டு, எங்களுக்கு இல்லை. கமால் இதற்குக் கோபப்படவில்லை. "பலசரக்குப் பாக்கி கேக்கப் போறோம்னு வச்சுக்கங்க," என்றார். வாட்ச்மேன் உடனே கம்பை இறக்கினார். பாக்கி என்றால் யாருக்கும் புரிகிறது. பெரிய வார்த்தை அது.

கொஞ்ச தூரம் போனபின், அன்றைக்கு மத்தியானத்திலிருந்து கடையைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது எனக்குத் திடீரென்று உறைத்தது. பயமாக இருந்தது. வேகமாக நடந்து பார்த்தேன். கால்கள் கேட்கவில்லை, கமாலின் கால்களோடு சேர்ந்துகொண்டன. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றார் கமால். முதல் முறையாக அவர் குரலில் கூச்சம் தெரிந்தது. "உங்க தங்கச்சிக்கு நடக்கப் பிடிக்குமா?"

நான் நின்றுவிட்டேன்.

"எங்கீங்க நடக்க?"

"இங்கதான். முந்தி அத்தாவும் அம்மாவும் சேந்துதான் சவாரி வருவாங்க. அத்தா மவுத்தானதுக்கப்புறமும் அம்மா என்கூட வந்தாங்க. இப்ப முட்டி வலி. நிக்காஹ் ஆயிட்டா நாங்க ரெண்டு பேரும் வரலாமேன்னு பாத்தேன். அவங்களுக்குப் பிடிக்கலைன்னா வேணாம்."

எங்கள் வீட்டுப் பெண் பட்டப்பகலில், போஸ்ட்மாஸ்டரும் விறகுகாரரும் பார்க்க, ரோட்டில், ஒரு காரியமும் இல்லாமல்! சட்டென்று கோபம் வந்தது. கோபத்தோடு பதில் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? எனக்குத் தெரியாது. அவள் பெரியவளான பிறகு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடுவில்தான் அவள் நடந்து பார்த்திருக்கிறேன். மாமா வீடு பக்கத்துத் தெரு. அதற்குக்கூடத் திரை போட்ட கூண்டு வண்டியில்தான் போவாள். மாடு நடக்கும், அவள் உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் உண்மையாகச் சவாரி செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்று அப்போது தோன்றியது.

"கேட்டுச் சொல்றனுங்க," என்றேன். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டேன். கமாலின் அம்மா வழிக்கு அரிசிப் பத்திரியும் ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்தார். குமுளியில் அதே ஜவான் நின்றார். "குதிரையைப் பார்த்தாயா?" என்றார். பார்த்தேன், நல்ல குதிரை என்றேன். யாரோ ஒருவராவது திருப்தியாக இருக்கட்டும் என்றுதான்.

அத்தா கடை வாசலிலேயே நின்றார். சலாத்துக்குப் பதில்கூட முழுசாக வரவில்லை.

"என்ன நெறம்?"

"குதிரை இல்லீங்க அத்தா. அவரு நடக்கறாருங்க. அதுக்கு அவிய பாசையில சவாரின்னு பேருங்க."

அத்தா மெத்தையில் உட்கார்ந்தார். "நடக்கறதுக்கா பீர்மேடு வரைக்கும் பொண்ணக் குடுக்கறது? நடக்கறவன் இந்தக் கஞ்சிக்கோட்லயே எத்தன பேரு வேணும்?" என்றார். அப்புறம் வாளையாறு வரைக்கும் தான் சொல்லிவைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கறுத்தது. இதையும் விட்டால் மூன்றாவது இடமும் போயிற்று, குதிரையும் போயிற்று. அம்மா உள் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"பையன் எப்படிடா?"

"நல்லவருங்க அத்தா. கோபமே வரலீங்க. என்னையே ரெண்டு நாளு பொறுத்துக்கிட்டாருங்க."

அத்தா தாடியைத் தடவினார். "மலையாளத்துல அதுக்குப் பேரு சவாரிதானே?"

"ஆமாங்க."

"தரகர் பொய் சொல்லல."

"இல்லீங்க."

"அப்ப நானும் யாருகிட்டயும் பொய் சொல்லல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யாராச்சும் குதிரையப் பத்திக் கேட்டா, மலையில நல்ல சவாரின்னு சொல்லு. அவ்வளவுதான். போயி உள்ள கேளு. அவ சம்மதமில்லாம நிக்காஹ் செல்லாது."

உள்ளே மைமூன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் நிறம், உயரம், கடை, மாமியாரின் சமையல் எல்லாம் சொன்னேன். முறம் நிற்கவில்லை. பிறகு அத்தாவிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"சாயங்காலமானா அவரு நடக்கப் போறாரு. உன்னையும் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கச் சொன்னாரு. புடிக்கலீன்னா வேண்டாமாமா."

முறம் நின்றது.

"எங்கீங்கண்ணா?"

"எங்கயும் இல்ல. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வர்றது."

"வண்டியிலீங்களா?"

"வண்டி இல்ல. ரோட்டுல. நடந்து."

"வெளிச்சம் இருக்கறப்பவா?"

"வெளிச்சம் இருக்கறப்பத்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பாவாடையை இழுத்துத் தன் பாதங்களை மூடிக்கொண்டு, அடக்க முடியாத ஒரு சிரிப்போடும் கலக்கத்தோடும் சொன்னாள்:

"எனக்குச் செருப்பே கெடையாதுங்களே அண்ணா."